ஐந்தாவது வயர்

மில்டூராவில் காரை வாங்கியது டிசம்பர் வெக்கையில்.
எழுபத்தைந்தாம் ஆண்டு ஹோல்டன் கிங்ஸ்வுட், கடுகு நிறம்.
விற்ற டெஸ்லியோடு இவர் விலை பேசவில்லை.
மூடியைத் திறந்து
வரிசையாய் நின்ற ஆறு சிலிண்டரைப் பார்த்தார்,
கேட்ட காசைக் கொடுத்தார்.

ஜூலைக் குளிரில் அது விக்கத் தொடங்கியது.
சிவப்பு விளக்கில் நின்றால்
முழுக் காரும் தோளைக் குலுக்கும்,
பதில் சொல்லப் பிடிக்காத பிள்ளை மாதிரி.
பச்சை விழுந்து மிதித்தால்
ஒரு இருமல்,
ஒரு யோசனை,
பிறகுதான் ஓட்டம்.

"காபரேற்றர்தான்" என்றார் ரூபகாந்தன்.
மூன்று ஞாயிறு போனது.
என் இடியப்பத் தட்டில் ஜெட்டுகளைப் பரப்பி
ஒவ்வொரு துளையாய் ஊதினார்.
மிதவையைக் காதருகே குலுக்கி
உள்ளே பெற்றோல் தளும்புதோ என்று கேட்டார்.
மெல்பேணிலிருந்து காஸ்கெற் பெட்டி, அறுபத்தெட்டு டொலர்.
பூட்டினார். கழற்றினார். பூட்டினார்.
விக்கல் அப்படியே இருந்தது.
காபரேற்றர் மட்டும்
கலியாண வீட்டுக் குத்துவிளக்காய் மினுங்கியது.

பிறகு பிளக்குகள் பழைய பேப்பரில் வரிசைக்கு வந்தன.
ஐந்து, பால்தேத்தண்ணி நிறம்.
ஒன்று மட்டும் கரி. ஈரக் கரி.
மோந்தால் பெற்றோல்.
"பார், எண்ணெய் கூடிப்போகுது. காபரேற்றர்தான்."

நான் பழ ஷெட்டில் தோடம்பழம் பிரிக்கிறவள்.
பெட்டியில் ஒன்று அழுகியிருந்தால்
தோட்டத்தைத் திட்டமாட்டோம்,
அந்த ஒன்றைத் திருப்பிப் பார்ப்போம்.
"ஆறுக்கும் ஊட்டுறது ஒரே காபரேற்றர்தானே,
அஞ்சுக்குச் செமிச்சது இதுக்கு மட்டும் ஏன் செமிக்கேல்லை?"
ஸ்பனர் கீழே விழுந்த சத்தம்தான் பதில்.

ஆனாலும் அடுத்த நாள்
எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் குறட்டால்
வயர்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினார்.
ஒன்றைப் பிடுங்க, எஞ்சின் தொய்ந்தது.
இரண்டு, மூன்று, நான்கு, அப்படியே.
ஐந்தைப் பிடுங்க
ஒன்றும் ஆகவில்லை.
இருந்தபோதும் அவ்வளவுதான்,
இல்லாதபோதும் அவ்வளவுதான்.
எனக்கு ஏனோ வயிற்றைப் பிசைந்தது.
அவர் புதுப் பிளக் போட்டார்.
விக்கியது.
மறுபடி காபரேற்றரின் திருகாணியில் கைவைத்தார்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது.
மூன்று தரம் கூப்பிட்டேன்.
கராஜ் வாசலில் நின்று நாலாம் தரமும் கூப்பிட்டேன்.
குனிந்த முதுகு அசையவில்லை.
வாய்க்குள்ளே ஒன்று, ஐந்து, மூன்று,
ஆறு, இரண்டு, நான்கு
என்று எரியும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.
பட்டென்று லைற்றை அணைத்தேன்.

இருட்டில் எஞ்சின் மட்டும் ஓடியது.
அப்போதுதான் அது தெரிந்தது.
வயரின் வளைவில், நகக்கீறல் அளவு வெடிப்பில்,
நீலமாய் ஒரு நூல்
பக்கத்து இரும்புக்குத் தாவியது.
அணைந்தது. தாவியது.
நீலம் தாவும்போதெல்லாம் ஒரு விக்கல்.
பிளக்குக்குப் போகவேண்டிய நெருப்பு
பாதிவழியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"லைற்றைப் போடாதையும்" என்றார்.
அந்தக் கிழமை முழுக்க அவர் பேசியதில்
அதுதான் மெல்லிய குரல்.
எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது.
சோறு விறைத்துவிட்டது.

புது வயர்க் கட்டு முப்பத்திரண்டு டொலர்.
தம்பிக்குப் போனில் சொல்கிறார்:
"லைற்றை அணைச்சுப் பார்த்தனான், உடனே பிடிச்சிட்டன்."
நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.
கோபத்தில் அணைத்ததை
எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்று டீக்கின் அவென்யூவில் சிவப்பு.
கார் அவ்வளவு அமைதி.
நின்றுவிட்டதோ என்று
டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
அவரும் அதற்குத்தான்
கையைக் கொண்டுவந்திருந்தார்.